மனச்சோர்வா, மாத்திரையா, நோயா என்று பிரித்துப் பார்த்த திருச்சி கிளினிக்: எங்கள் அனுபவம்

திருச்சியில் வயதானவர்களுக்கு மட்டும் ஓ.பி. பார்க்கும் ஒரு சிறிய கிளினிக் இருக்கிறது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. முடித்த ஒரே டாக்டர், உதவிக்கு ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட், அவ்வளவுதான். கடந்த ஆண்டிலிருந்து என் அம்மாவை அங்கேதான் காட்டுகிறோம். பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரே கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்துக்கே அவரால் நேரம் ஒதுக்க முடியவில்லை. ஆனால் அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் ஒரு பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவரை எப்படிப்பட்ட டாக்டரிடம் கூட்டிப்போவது என்று தவிக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அம்மாவுக்கு 74 வயது. உறையூரில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பி.பி.க்கு ஒரு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. இதெல்லாம் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இறந்து ஓராண்டு ஆகும் சமயத்தில்தான் அம்மா மாறத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர் போவதை நிறுத்தினார். வாசலில் கோலம் போட நான்தான் என்று முந்திக்கொள்ளும் ஆள், குனிந்தால் நிமிர முடியவில்லை என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. பால் கணக்கு நோட்டில் அவர் எழுத்து மாதத்துக்கு மாதம் சின்னதாகிக்கொண்டே போனது. முகத்தில் எதுவும் தெரியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அவர் போன துக்கம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் அதையேதான் சொன்னார். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதைப் போட ஆரம்பித்த சில வாரங்களில் அம்மா இன்னும் மந்தமானார். பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

இந்த நிலையில்தான் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அங்கே பிடித்த முதல் விஷயம் அந்தப் போனிலேயே நடந்தது. நர்ஸ் பெயர், வயது கேட்டவுடன் அடுத்ததாக, "இப்படி ஆகி எத்தனை நாளாச்சும்மா? ரெண்டு மூணு நாளாவா, மாசக்கணக்காவா?" என்று கேட்டார். மாசக்கணக்காக என்றதும்தான் தேதி கொடுத்தார். ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகு டாக்டர் விளக்கினார். நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று அமைதியாகி, தூங்கி வழிந்து, நேரத்துக்கு ஒரு மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் மனச்சோர்வாக இருக்காது. காய்ச்சல், தொற்று, உப்பு குறைவு, சர்க்கரை இறக்கம், மூத்திரம் அடைப்பு, புதிதாகச் சேர்ந்த மருந்து என்று ஏதாவது ஒன்று மூளையைத் தடுமாற வைத்திருக்கும். மருத்துவத்தில் டெலிரியம் என்கிறார்கள். கத்திக் கலாட்டா செய்கிறவரை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆனால் டெலிரியம் வந்து சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பவரை, பாவம் மனசு சரியில்லை என்று விட்டுவிடுவோம். அவர்களுக்கு ஓ.பி. தேதி கொடுத்து உட்கார வைக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குத்தான் அனுப்ப வேண்டும். போன் எடுக்கிறவருக்கே இதைச் சொல்லிப் பழக்கியிருக்கும் ஒரு கிளினிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நர்ஸ் சொன்ன இன்னொன்று: வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வர வேண்டும். சீட்டு மட்டும் போதாது. டானிக், சத்து மாத்திரை, சளிக்குக் கடையில் வாங்கியது, சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து எல்லாம். கண் சொட்டு மருந்து எதற்கு என்று நினைப்போம். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைத்து ஆளை அசத்திவிடுமாம், குறிப்பாக வயதானவர்களை.

முதல் முறை போனபோது டாக்டர் எங்களோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தார். அம்மாவை உட்கார வைத்து, பையை மேஜையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையையும் எடுத்து எப்போதிலிருந்து, எதற்காக, யார் எழுதியது என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். எந்த மாத்திரை சேர்ந்த பிறகு எந்தத் தொந்தரவு வந்தது என்று பக்கத்திலேயே இன்னொரு வரிசை. கேஸ் மாத்திரையின் அட்டை வந்ததும் அவர் கை நின்றது. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். அமிலம் குறைக்கும் ரபெப்ரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூல் அது. எப்போதோ வயிறு உப்புசம் என்று யாரோ எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு மெடிக்கல்ஷாப்பில் காலி அட்டையைக் காட்டினாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்து அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். அம்மா நடந்தார். சின்னச் சின்ன அடி, இரண்டு கையும் வீசாமல் தொடையோடு ஒட்டியபடி. திரும்புவதற்கு நாலைந்து அடி எடுத்து வைத்தார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட விரல் விரியும் அளவு குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஏதோ பல் சக்கரம் தடுக்கித் தடுக்கிச் சுற்றுகிற மாதிரி விட்டு விட்டு அசைந்தது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி.

அப்புறம் அவர் அம்மாவிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

"பேத்தி வந்தா எப்படி இருக்கும்மா உங்களுக்கு?"

"சந்தோஷமாத்தான் இருக்கு டாக்டரம்மா. சிரிக்கத்தான் செய்றேன். ஆனா நீ சிரிக்கவே மாட்டேங்கிறியே பாட்டினு அவ அழுவுறா."

"கோயிலுக்குப் போகணும்னு தோணுதா?"

"தோணாம என்ன. மனசு கிளம்பிடுது, உடம்புதான் எழுந்திரிக்க மாட்டேங்குது."

டாக்டர் என் பக்கம் திரும்பி விளக்கினார். ஆசையே அற்றுப் போவது வேறு, ஆசை இருந்தும் உடம்பு அசையாமல் இருப்பது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நம் உடல் இயல்பாக அசைவதற்கு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்ய வேண்டும். லெவோசல்பிரைடு வயிற்றை வேகமாக இயக்குவதற்காக டோபமினைத் தடுக்கிற மருந்து; மூளையிலும் போய்த் தடுக்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து என்பதால் வயதானவர்கள் உடம்பில் தேங்குகிறது. விளைவு, பார்க்கின்சன் நோய் வந்தவர் மாதிரியே நடை தளர்ந்து, குரல் தாழ்ந்து, எழுத்து சிறுத்து, முகம் அசைவற்றுப் போகும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கு வருஷக்கணக்காகப் பலர் போடும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் தரும் ஃப்ளூனரிசின் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. ஃப்ளூனரிசின் இதோடு உண்மையான மனச்சோர்வையும் கொண்டுவரக்கூடியது. நம் ஊரில் கேஸ், தலைசுற்றல் இரண்டுக்கும் மாத்திரை போடாத பெரியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஆனால் காரணம் கிடைத்துவிட்டது என்று டாக்டர் அத்தோடு முடிக்கவில்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பி.பி.யை முதலில் படுக்க வைத்துப் பார்த்தார், எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிஷம் கழித்து ஒரு தடவை. மேல் அளவு 20 இறங்கினால் அதுவே தடுமாற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். அம்மா பங்குனி, மாசி, தை என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஆடியில் சற்று நின்று, சித்திரை வரை சரியாகச் சொன்னார். கவனம் சிதறவில்லை, மெதுவாகத்தான் வருகிறது, ஆகவே டெலிரியம் இல்லை என்று டாக்டர் குறித்துக்கொண்டார். கடிகாரம் வரையச் சொன்னார். மூன்று பொருளின் பெயர் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். மறதி நோய் உள்ளவர் பல சமயம் பதிலை எப்படியாவது ஒப்பேற்றப் பார்ப்பார், மனச்சோர்வு உள்ளவர் முயலாமலே தெரியலை என்று விட்டுவிடுவார் என்றார். எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதன் பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். 15 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். முதியோர் மனச்சோர்வு அளவீடு என்று 1980-களில் அமெரிக்காவில் உருவானது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, உடம்பு வலிக்கிறதா என்ற கேள்விகளை அதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லையாம். 70 வயதில் இந்த மூன்றுக்கும் வேறு காரணங்கள் எவ்வளவோ இருக்கும், மனசை அளக்க அவை உதவாது. ஐந்துக்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும். அம்மாவுக்கு எட்டு வந்தது. எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன், ரத்தம் பார்த்த பிறகு பேசுவோம் என்று அனுப்பினார்.

ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது. அது குறைந்தாலும் இதே மாதிரி மந்தம், மலச்சிக்கல், குரல் கரகரப்பு எல்லாம் வரும் என்பதால் கட்டாயம் பார்க்கிறார். சோடியம் 127. இருக்க வேண்டியது 135 முதல் 145. அம்மாவின் பி.பி. மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருந்தது. அது உப்பைச் சிறுநீரில் இழுத்துவிடும். அதன் மேல் எஸ்சிடலோபிராம் சேர்ந்தது. அந்த மருந்தும் வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சோடியத்தைக் குறைக்கக்கூடியது. மனச்சோர்வுக்கு என்று கொடுத்த மாத்திரை அம்மாவை மேலும் மந்தமாக்கியது இப்படித்தான். வைட்டமின் பி12-உம் குறைவு. மெட்ஃபார்மின் நெடுநாள் போடுகிறவர்களுக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாமல் போடுகிறவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார், போதாததற்குச் சைவம்.

டாக்டர் கேஸ் மாத்திரையை நிறுத்தினார். பி.பி. மாத்திரையை உப்பு இழுக்காத வேறொன்றாக மாற்றினார். எஸ்சிடலோபிராம் குறைந்த அளவில்தான் இருந்ததால் அதையும் நிறுத்தச் சொன்னார். இதை வாசிக்கிறவர்கள் தாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அல்பிரசோலாம் மாதிரித் தூக்க மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம் என்று அவரே எச்சரித்தார். பி12 ஊசி ஆரம்பித்தார். வாரம் முடிவதற்குள் சோடியம் மறுபடி பார்த்தார். நடை சரியாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும் என்றும், சரியாகவே ஆகவில்லை என்றால் உள்ளே உண்மையான பார்க்கின்சன் நோய் ஒளிந்திருந்திருக்கலாம், அப்போது நரம்பியல் டாக்டரைப் பார்க்கலாம் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பொறுமையைக் கொடுத்தது என்று சொல்லி முடியாது.

சோடியம் ஏறியதும் தடுமாற்றம் போய்விட்டது. நடையும் முகமும் மெல்லத்தான் வந்தன. ஒரு நாள் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். எழுத்து பழைய அளவுக்கு வந்திருந்தது. பேத்தி சொன்ன ஏதோ ஒன்றுக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்ததைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், எல்லாம் மாத்திரை செய்த வேலை என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் மறுபரிசோதனையில் அந்த 15 கேள்விகளில் அம்மாவுக்கு இன்னும் ஆறு வந்தது. டாக்டர் திரும்பவும் என்னை வெளியே அனுப்பினார். அரை மணி நேரம் கழித்து அம்மாவின் அனுமதியோடு சொன்னார்: விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, நாம் எதற்கு இன்னும் இருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பாரம் என்ற நினைப்பு தினமும் ஓடுகிறது. அம்மா எங்களிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. துக்கம் அலையாக வரும், நடுநடுவே ஆள் பழையபடி சிரிப்பார், பேசுவார், போனவரைப் பற்றி ஆசையாகச் சொல்வார். நான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு நாள் முழுக்க, வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் அது வைத்தியம் தேவைப்படும் மனச்சோர்வு. வயதானால் அப்படித்தான் என்று விடக் கூடாது என்றார். மருந்தின் பாதிப்பும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கலாம். மேலே இருப்பதை விலக்கினால்தான் கீழே இருப்பதன் உண்மையான அளவு தெரியும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்றும் நேரடியாகவே கேட்டிருக்கிறார். இல்லை என்று அம்மா சொன்னார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன, கேட்பதால் அப்படி எதுவும் ஆகாது என்றார். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்தார்.

இந்த முறை இரவில் மிர்டாசபின், குறைந்த அளவில். தூக்கமும் பசியும் வர உதவும், சோடியம் குறையும் ஆபத்து முன்பு போட்டதைவிடக் குறைவு. அப்படியும் இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்துவிட்டார். மாத்திரையோடு, வாரம் ஒரு முறை ஒரு உளவியல் ஆலோசகரிடம் பேச ஏற்பாடு செய்தார். அம்மா முதலில் மறுத்தார், அப்புறம் அப்பாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று ஒழுங்காகப் போகத் தொடங்கினார். இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அத்தையோடு நடந்தே போகிறார்.

குறைகளும் இருக்கின்றன. முதல் தேதி கிடைக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். தவிப்போடு இருக்கிற குடும்பத்துக்கு அது ரொம்ப நீளம். வாசலில் சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது, சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். முதியோர் கிளினிக்கில் இப்படி இருக்கக் கூடாது என்று நேரிலேயே சொன்னேன், சரி செய்வதாகச் சொல்லி மாதங்கள் ஆகின்றன. கீழ்த்தள லேபில் விலை அதிகம். அதே பரிசோதனைகளை வெளியே எடுத்துக்கொண்டு போனாலும் டாக்டர் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் வசதி இல்லை, படுக்கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய தடை. கட்டணம் முதல் முறை 800 ரூபாய், அடுத்தடுத்து 400. கொடுக்கும் நேரத்துக்கு இது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சின்ன விஷயங்களில் நிறைய யோசித்திருக்கிறார்கள். காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி உள்ள நாற்காலிகள்தான், பெஞ்சு கிடையாது. டாய்லெட்டில் பிடிமானக் கம்பி இருக்கிறது. காது மந்தமானவர்களுக்காக ஒலிபெருக்கி ஒன்று டாக்டர் மேஜையில் இருக்கிறது. காது கேட்காததால் பேச்சைக் குறைத்துக்கொண்டவரையும் மனச்சோர்வு என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதால் காதையும் கண்ணையும் முதல் நாளே பார்க்கிறார். கிளம்பும்போது தரும் மருந்துத் தாள் தமிழில், பெரிய எழுத்தில், எந்த மாத்திரை எதற்கு, எது நிறுத்தப்பட்டது, ஏன் என்று எழுதியிருக்கும். நிறுத்தப்பட்டவற்றைச் சிவப்பு மையில் தனியாக எழுதுகிறார். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டச் சொல்கிறார். பல் வலிக்கும் காய்ச்சலுக்கும் போன இடங்களில் அந்தத் தாளைக் காட்டினோம். ஒரு இடத்தில் வயிற்றுக்கு என்று மறுபடி அதே லெவோசல்பிரைடு கலந்த கேப்ஸ்யூலை எழுதப் போனவர், சிவப்பு எழுத்தைப் பார்த்து மாற்றி எழுதினார்.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்கள் அரசு மருத்துவமனை வழியைப் பார்க்கலாம். முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவில் முதல் தனிப் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கியது. இப்போது கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. வெளியூரிலிருந்து கூட்டிப்போவது சிரமம்தான், திருச்சி போன்ற ஊர்களில் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. எங்கே போனாலும் மருந்துப் பையை மொத்தமாக எடுத்துப்போங்கள். பார்க்கிறவர் பையைத் திறக்காமலே டிப்ரஷன் என்று எழுத ஆரம்பித்தால், கொஞ்சம் பாருங்க டாக்டர் என்று நீங்களே அதை மேஜையில் எடுத்து வையுங்கள்.